ஆர்.ஏ.சி. முதல் சிண்டிகேட் வரை: ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இங்கே வேண்டாம். இப்போது பகலெல்லாம் காரைக்குடியில் என் மச்சானின் பைண்டிங் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆய்வேட்டுக்குக் காலிகோ அட்டை போட வருகிற பிள்ளைகள், பசை காய்வதற்குள் நாலு சந்தேகம் கேட்டுவிடுவார்கள். தேவகோட்டைக்காரரும் கேட்பார், திருப்பத்தூர்க்காரரும் கேட்பார். ஆள்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது.

சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைத்தேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். விதி என்று நான் சொல்வது பெரும்பாலும் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட பிஎச்.டி. ஒழுங்குமுறையில் உள்ளது. அதற்கு மேல் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் சொந்த விதிகள் உண்டு. அந்தப் புத்தகத்தை உங்கள் ஆராய்ச்சிப் பிரிவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"ஐயா, இத்தனை கமிட்டி எதுக்கு? எனக்கு என் கைடு போதாதா?"

கைடு, அதாவது உங்கள் ஆய்வு நெறியாளர், நன்றாக இருக்கிறவரை போதும் என்றுதான் தோன்றும். அவர் ஓய்வு பெற்றால், உடம்புக்கு முடியாமல் போனால், உங்களோடு முகம் முறிந்துபோனால் என்ன செய்வது? உங்களைப் பதிவு செய்துகொண்டது அவர் இல்லை, பல்கலைக்கழகம். அது தன் வேலையைக் குழுக்களின் வழியாகத்தான் செய்யும்.

நம்மூர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். வழிப்போக்கன் திண்ணையோடு சரி. விசேஷம் நடப்பது வளவில். சமையல் பின்கட்டில். உங்கள் ஃபைலும் அப்படித்தான் ஒவ்வொரு கட்டாக உள்ளே போகிறது. முகப்பில் ஆய்வு ஆலோசனைக் குழு, அதாவது ஆர்.ஏ.சி. நம் பக்கம் பழைய பழக்கத்தில் டாக்டரல் கமிட்டி, டி.சி. என்பார்கள். அதைத் தாண்டினால் ஆராய்ச்சி டீனும் ஆராய்ச்சிக் குழுவும். அப்புறம் பாடத்திட்டம், பட்ட விதிகளைப் பார்க்கிற கல்விக் குழு. அதற்கும் உள்ளே சிண்டிகேட். எந்தக் காரியம் எந்தக் கட்டில் முடியும் என்று தெரிந்தால் பாதி அலைச்சல் குறையும்.

"அமெரிக்காவுல இருக்கிற என் ஃபிரெண்டு 'கிராஜுவேட் ஸ்கூல்'ங்கிறான். நம்ம ஊர்ல அது எங்க இருக்கு?"

தனிக் கட்டடமாகத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அங்கே பல பல்கலைக்கழகங்களில் முதுகலை, முனைவர் பட்டப் படிப்புகள் எல்லாம் ஒரே குடையின் கீழ் இருக்கும். அதற்கென்று ஒரு டீன், துறைகளிலிருந்து வந்த பேராசிரியர்கள் உட்காரும் ஒரு கவுன்சில், மாணவர் பிரதிநிதிகள் என்று ஏற்பாடு இருக்கும். சேர்க்கைக்கு என்ன தகுதி, எத்தனை கிரெடிட், ஆய்வேட்டுக் குழுவில் யார் உட்காரலாம் என்பதை அந்தக் கவுன்சில் பேசி முடிவு செய்யும்.

நம்மிடம் அதே வேலை நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. சேர்க்கையையும் பதிவையும் ஆராய்ச்சிப் பிரிவு பார்க்கும். ஆய்வேட்டை அனுப்புவது, தேர்வாளர் அறிக்கை வாங்குவது எல்லாம் தேர்வாணையர் அலுவலகம். விதியை மாற்றுவது கல்விக் குழு. இந்தச் சிதறல்தான் நம் பிள்ளைகளை அலைய விடுகிறது என்பது என் எண்ணம். ஒரே ஜன்னல் இருந்தால் என் மச்சான் கடையில் கேள்வி கேட்க ஆள் வராது, அது வேறு விஷயம்.

"சிண்டிகேட், செனட் ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை. செனட் என்கிற பேரவை பெரிய சபை. அபூர்வமாகக் கூடும், ஆண்டறிக்கை, கணக்கு, பொதுவான போக்கு ஆகியவற்றைப் பேசும். சிண்டிகேட் என்கிற ஆட்சிக்குழு சிறியது, அடிக்கடி கூடும், நிர்வாக முடிவுகளை எடுக்கும். துணைவேந்தர் தலைமை வகிப்பார், அரசின் உயர்கல்வித் துறைச் செயலர் பதவி வழி உறுப்பினராக இருப்பார். பணம், பணியிடம், பட்டம் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும்.

இந்த அதிகாரம் யார் கையில் என்பது செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிய கதை இல்லை. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் கொடையில் தொடங்கியது. நிறுவனர் குடும்பத்துக்கு இணைவேந்தர் பதவியும் அதற்கான அதிகாரமும் பல்லாண்டு இருந்தன. 2013-ல் புதிய சட்டம் வந்து அது முழுக்க அரசுப் பல்கலைக்கழகம் ஆனது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 1947-ல் ஒரு கல்லூரியைத் தொடங்கினார். 1957-ல் அவர் காலமானார். அவர் வளர்த்த வளாகத்தில் 1985-ல் மாநிலச் சட்டத்தின்படி அழகப்பா பல்கலைக்கழகம் அமைந்தபோது, அது ஆரம்பத்திலிருந்தே அரசுப் பல்கலைக்கழகம். இரண்டுமே நகரத்தார் கொடையில் முளைத்தவைதான், நிர்வாகம் வந்த வழி வேறு.

"என் காலேஜ் பொன்னமராவதி பக்கம். காரைக்குடி இவ்வளவு கிட்ட இருக்கும்போது எதுக்கு நான் திருச்சிக்கு ஓடணும்?"

செட்டிநாடு என்பது நம் மனசில் ஒரே நாடு, அரசாங்க வரைபடத்தில் இரண்டு மாவட்டம். சிவகங்கை மாவட்டத்துக் கல்லூரிகள் அழகப்பாவோடு இணைந்தவை. எல்லையைத் தாண்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் கால் வைத்தால் அது திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லை. உங்கள் டி.சி. உங்கள் கல்லூரியிலேயே கூடினாலும், பதிவு, கால நீட்டிப்பு, ஆய்வேடு எல்லாம் திருச்சிக்குத்தான் போகும். ஊர்ப் பாசத்தை நம்பிக் காரைக்குடிக்கு ஃபைலோடு வந்து ஒரு நாளை வீணாக்கியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

"நான் செக்ரியில ஜே.ஆர்.எஃப். எனக்கும் இதே கமிட்டிதானா?"

ஜே.ஆர்.எஃப்., அதாவது உதவித்தொகை வாங்குகிற இளநிலை ஆய்வாளர், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. செக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் திறந்தார்கள். 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பர் கொடுத்தது. ஆனால் ஆய்வகம் என்பது பட்டம் கொடுக்கிற இடம் இல்லை. அங்கே உட்கார்ந்து ஆய்வு செய்கிறவர் ஒரு பல்கலைக்கழகத்திலோ, சி.எஸ்.ஐ.ஆர். என்கிற மத்திய அரசின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் ஆய்வகங்களுக்காக நாடாளுமன்றச் சட்டத்தின்படி 2012-ல் செயல்பாட்டுக்கு வந்த, பட்டம் தருகிற ஏசிஎஸ்ஐஆர் அமைப்பிலோ பதிவு செய்திருப்பார்.

ஏசிஎஸ்ஐஆர் என்றால் உங்கள் குழுவின் பெயர் டி.ஏ.சி., முனைவர் பட்ட ஆலோசனைக் குழு. மேலே இருப்பதும் சிண்டிகேட் இல்லை, அவர்களுடைய செனட்டும் ஆளுநர் குழுவும். பெயர்தான் வேறு, முன்னே சொன்ன கட்டுக் கணக்கு அதேதான்.

"ஆர்.ஏ.சி.யில யார் யார் இருப்பாங்க? ஆளை நான் சொல்லலாமா?"

உங்கள் கைடுதான் கன்வீனர், அதாவது குழுவைக் கூட்டுகிறவர். கூடப் பெரும்பாலும் இரண்டு பேர், ஒருவர் உங்கள் துறை, இன்னொருவர் வெளியே. எண்ணிக்கையைப் பல்கலைக்கழக விதி சொல்லும். பெயரைக் கொடுப்பது கைடு, ஒப்புதல் தருவது பல்கலைக்கழகம். விதிப்படி உங்களுக்கு அதில் வாய் கிடையாது. ஆனாலும் பதிவுக்கு முன்னாலேயே கைடிடம் பக்குவமாகச் சொல்லலாம். "சார், எனக்குப் புள்ளியியல்தான் தகராறு, அது தெரிந்த ஒருவர் இருந்தால் நல்லது" என்றால் எந்தக் கைடும் கோபிக்க மாட்டார்.

கைடு தன் பழைய மாணவரையே உறுப்பினராகப் போடுவது உண்டு. அந்தக் குழு உங்களைக் கடிந்து பேசாது. சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கடினமான கேள்வி ஒன்றை நீங்கள் முதல்முறையாகச் சந்திப்பது கடைசியில் வெளித் தேர்வாளரிடம்தான்.

"ஒவ்வொரு செமஸ்டரும் பிரசன்டேஷன் கட்டாயமா? எங்க சார் 'ஃபார்ம்ல சைன் மட்டும் வாங்கிக்கப்பா'ன்னுட்டாரு."

கட்டாயம். ஒவ்வொரு செமஸ்டரும் ஆர்.ஏ.சி. முன்னால் நின்று செய்த வேலையைச் சொல்ல வேண்டும். குழு தன் அறிக்கையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, நகல் ஒன்றை உங்களுக்கும் தர வேண்டும். முன்னேற்றம் போதவில்லை என்றால் காரணத்தை எழுதி, என்ன சரிசெய்ய வேண்டும் என்றும் எழுத வேண்டும். அதையும் நீங்கள் செய்யவில்லை என்றால்தான் பதிவை ரத்து செய்யலாம் என்று, காரணத்தோடு, பரிந்துரைக்க முடியும். இந்த வரிசையைக் கவனியுங்கள். எச்சரிக்கை எழுத்தில் இல்லாமல் திடீரென்று ரத்து என்று வந்தால், அந்த உத்தரவுக்கு அஸ்திவாரமே இல்லை.

"சைன் மட்டும்" கதை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வரலாற்றுத் துறைப் பெண் ஒருத்தி. ஆறு செமஸ்டருக்கும் கூட்டமே நடக்கவில்லை. கடைசியில் ஆய்வுச் சுருக்கம் கொடுக்கும் நேரத்தில் ஆறு மினிட்ஸையும், அதாவது கூட்டக் குறிப்புகளையும், ஒரே நாளில் தயார் செய்து கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே பேனா, ஒரே நீல மை. வெளி உறுப்பினரின் கையெழுத்து ஆறிலும் ஒரே சாய்வு. அதில் ஒரு கூட்டத்தின் தேதியைத் தைப்பொங்கல் அன்று போட்டிருந்தார்கள். அன்றைக்கு விடுமுறை. ஃபைல் என் மேஜைக்குத்தான் வந்தது. நான் குறிப்பு எழுதினேன், அது திரும்பிப் போனது, வெளி உறுப்பினரிடம் விளக்கம் கேட்டார்கள், எட்டு மாதம் போயிற்று. அந்தப் பெண்ணின் ஆய்வில் ஒரு குறையும் கிடையாது.

குறிப்பு எழுதியது என் கடமை. ஆனால் அவள் சேர்ந்த முதல் வருஷமே "மினிட்ஸ் வரவில்லையே" என்று ஒரு நினைவூட்டல் அனுப்பியிருக்க வேண்டியதும் என் பிரிவின் கடமைதான். அதை நாங்கள் செய்யவில்லை. இன்றைக்கும் பொங்கல் வந்தால் அந்தத் தேதி ஞாபகம் வரும்.

"சரி, மினிட்ஸ்ல என்ன இருக்கணும்? ஒரு பக்கம் இருந்தா போதுமா?"

அரைப் பக்கம் கூடப் போதும். தேதி, இடம், வந்தவர்கள் பெயர், நீங்கள் காட்டியது என்ன, அவர்கள் சொன்னது என்ன, அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது என்ன. "முன்னேற்றம் திருப்திகரமாக உள்ளது" என்று ஒரு வரி எழுதி முடிக்கிற மினிட்ஸால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. தலைப்பு மாறினால், கேஸ் ஸ்டடி மாறினால், அந்த மாற்றத்தைக் குழு ஏற்றது என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். ஆய்வேட்டுத் தலைப்பும் பதிவுத் தலைப்பும் ஒரு சொல் மாறிப்போய் நின்ற ஃபைல்கள் ஏராளம்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் முறைச்சிட்டை எழுதுகிறோம். எவ்வளவு சொந்தமானாலும் வாய்ப்பேச்சோடு விடுவதில்லை. வட்டிக்கடைப் பெட்டியடியில் பேரேடு இல்லாமல் ஒரு காசு நகர்ந்ததில்லை. மினிட்ஸையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கூட்டம் முடிந்த அன்று மாலையே வரைவை நீங்களே தட்டச்சு செய்து கைடிடம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகத் திருத்திக் கையெழுத்துப் போடுவார்கள்.

"எனக்கு நகல் தரமாட்டேங்கிறாங்க."

விதிப்படி குழு அனுப்பும் அறிக்கையின் நகல் உங்களுக்கு உரியது. முதலில் எழுத்தில் கேளுங்கள், தேதியோடு பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அப்படியும் வரவில்லை என்றால் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. ஆனால் அது கடைசிக் கதவு. முதல் நாளே ஆர்.டி.ஐ. போட்டால் துறையில் யாரும் உங்களோடு சகஜமாகப் பேச மாட்டார்கள், அதுவும் உண்மை.

"கைடு அடுத்த வருஷம் ரிடையர். என் கதி?"

ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் அவர் புதிய மாணவரை எடுக்கவே கூடாது. உங்களை அதற்கு முன் எடுத்திருந்தால் ஓய்வு நாள் வரை அவரே நெறியாளர். அதன் பிறகு இணை நெறியாளராகத் தொடரலாம், 70 வயது வரை. ஆனால் முதன்மை நெறியாளர் என்று பணியில் உள்ள ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரிடம் இடம் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் சிக்கல். பேராசிரியருக்கு 8 பேர், இணைப் பேராசிரியருக்கு 6, உதவிப் பேராசிரியருக்கு 4. ஓய்வு நாள் வருகிறவரை காத்திருக்காமல், ஆறு மாதம் முன்னாலேயே ஆர்.ஏ.சி.யில் இதைப் பேசி மினிட்ஸில் ஏற்றுங்கள். குழு பரிந்துரைத்து ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனால்தான் மாற்றம் நடக்கும். "அடுத்த ரூம் மேடம் பார்த்துக்குறேன்னாங்க" என்பது மாற்றம் ஆகாது.

"கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் போறேன் அண்ணே. அஞ்சு வருஷ வேலை போயிடுமா?"

போகாது. இதற்கென்றே விதியில் இடம் இருக்கிறது. திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் மாறுகிற பெண் ஆய்வாளர், தன் ஆய்வுத் தரவைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துப்போகலாம். ஆனால் அது கைடோ பழைய நிறுவனமோ வாங்கிய நிதித் திட்டத்தின் பகுதியாக இருக்கக்கூடாது. பழைய நிறுவனத்துக்கும் நெறியாளருக்கும் ஆய்வேட்டில் உரிய இடம் தர வேண்டும். புதிய இடத்தில் சேர்க்கை விதிகள் எல்லாம் பொருந்தும் என்பதால், அங்கே கைடு உறுதியான பிறகே இங்கே கடிதம் கொடுங்கள்.

இதோடு இன்னொன்று. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பாக மொத்தம் 240 நாள் வரை உண்டு. நிறையப் பேர் இது தெரியாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னேற்ற அறிக்கை எழுதுகிறார்கள்.

"ஆறு வருஷம் முடியப் போகுது. யார்கிட்ட கேக்கணும்?"

கால நீட்டிப்பை ஆர்.ஏ.சி. பரிந்துரையோடு ஆராய்ச்சிப் பிரிவிடம் கேளுங்கள், ஆறு ஆண்டுக் கெடு முடியும் முன்னால். மறுபதிவாக 2 ஆண்டு கிடைக்கும், மொத்தம் 8. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் இன்னும் 2, மொத்தம் 10. அதற்கு மேல் எந்தக் குழுவாலும் முடியாது, சிண்டிகேட் உட்பட.

"சிண்டிகேட் கூடலையாம், அதனால என் பேப்பர் நிக்குதாம். நெஜமா?"

சில சமயம் நிஜம், பல சமயம் சாக்கு. முதலில் உங்கள் காரியம் சிண்டிகேட்டுக்குப் போக வேண்டியதுதானா என்று பாருங்கள். கைடு மாற்றம், கால நீட்டிப்பு போன்றவை பல இடங்களில் துணைவேந்தர் ஒப்புதலோடு முடிகின்றன. சிண்டிகேட்டுக்கே உரியதானாலும், அவசரம் என்றால் துணைவேந்தர் உத்தரவு போட்டு அடுத்த கூட்டத்தில் வைக்கலாம். ஃபைலில் 'பின்னேற்பு' என்று வருவது அதுதான்.

துணைவேந்தர் பதவியே காலியாக இருந்தால், அவர் வேலையைப் பார்க்கிற தற்காலிகக் குழுவான கன்வீனர் கமிட்டி நடத்தும். அப்போது கையெழுத்து வாங்க ஃபைல் சென்னைக்குப் போய் வரும் என்பதால் தாமதம் நிஜம்தான். எந்த மேஜையில் நிற்கிறது என்று மட்டும் கேளுங்கள். "பிராசஸ்ல இருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள். 'பிராசஸ்' என்று எந்த ஆபீஸிலும் ஒரு மேஜை கிடையாது.

"ஆத்தங்குடியில டைல்ஸ் போடுறவங்ககிட்ட பேட்டி எடுக்கணும். எத்திக்ஸ் கமிட்டி வேணுமா?"

என்ன கேட்கப்போகிறீர்கள்? சிமெண்டும் வண்ணமும் கலக்கிறதால் தோல், மூச்சு, முதுகு என்று உடல்நலம் பற்றிக் கேட்டால், கண்டிப்பாக நிறுவன அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அந்தக் குழுவின் தலைவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்து வர வேண்டும், மருத்துவம் தெரியாத ஒரு பொது ஆளும் சட்டம் தெரிந்த ஒருவரும் உள்ளே இருக்க வேண்டும். கண்ணாடி மேல் சாயம் ஊற்றுகிற கைப்பக்குவத்தையும் வடிவங்களையும் பற்றி மட்டும் கேட்டால், உங்கள் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறதோ அது. எப்படியானாலும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

முக்கியம், ஒப்புதல் முன்னால் வர வேண்டும். பேட்டியெல்லாம் முடித்துவிட்டு "பழைய தேதி போட்டுத் தாங்க" என்று வந்தால் எந்தக் குழுவும் தராது, தரவும் கூடாது.

"சாஃப்ட்வேர்ல 14 சதவீதம் காட்டுது. அவ்வளவுதானா?"

பதறாதீர்கள். உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டுகிற கணக்கு அது. எழுத்துத் திருட்டு பற்றிய 2018 யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை குற்றமே இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். 40 முதல் 60 என்றால் ஓராண்டு ஆய்வேடு கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

அந்த 14-ல் நூற்பட்டியல், மேற்கோள், பொருளடக்கம், முன்னுரை, சட்டப் பெயர்கள் எல்லாம் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். அவை கணக்கில் வராது. அதை நீக்கி ஓட்டினால் பலருக்கு ஒற்றை எண்ணாகிவிடும். யாராவது புகார் கொடுத்தால் முதலில் துறை அளவிலான குழு, பிறகு நிறுவன அளவிலான குழு, ஒவ்வொன்றுக்கும் 45 நாள். உங்களைக் கேட்காமல் முடிவு செய்யக்கூடாது.

"ஒரு எக்ஸாமினர் ரிஜெக்ட் பண்ணிட்டாராம். இன்னொருத்தர் நல்லாதான் எழுதியிருக்கார்."

வெளித் தேர்வாளர் குறைந்தது இரண்டு பேர் இருப்பார்கள். முடிந்தால் ஒருவர் வெளிநாட்டவர். ஒருவர் ஏற்று ஒருவர் நிராகரித்தால், ஒப்புதலான பட்டியலில் உள்ள மூன்றாமவருக்கு ஆய்வேடு போகும். அவர் ஏற்றால்தான் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. அவரும் வேண்டாம் என்றால் ஆய்வேடு நிராகரிப்பு. ஆய்வேடு கொடுத்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்பது விதி. நடைமுறையில் அறிக்கை வருவதற்குத் தேர்வாணையர் அலுவலகம் நினைவூட்டல் மேல் நினைவூட்டல் போடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் ஆர்.ஏ.சி.க்கு வேலை இல்லை.  யாரையும் போய்ப் பார்க்காதீர்கள். தேர்வாளர் யார் என்று தெரிந்தாலும் தெரியாததுபோல இருங்கள்.

"கைடு மேலேயே புகார். கைடுதானே கன்வீனர், யார்கிட்ட போறது?"

புகார் என்ன வகை என்பதைப் பொறுத்துக் கதவு மாறும். ஆய்வு சம்பந்தமான முரண் என்றால், அதாவது படிக்கவில்லை, திருத்தித் தரவில்லை, தலைப்பில் ஒத்துவரவில்லை என்றால், குழுவின் மற்ற உறுப்பினர், துறைத்தலைவர், ஆராய்ச்சி டீன் என்ற வரிசை. கைடு மாற்றம் கேட்க இதுவே வழி. கசப்பாக எழுத வேண்டாம், மினிட்ஸ் தேதிகளை மட்டும் வைத்து எழுதுங்கள்.

சான்றிதழைப் பிடித்து வைப்பது, உதவித்தொகையை நிறுத்துவது, பாகுபாடு போன்றவை என்றால் 2023 யுஜிசி விதிப்படி அமைந்த மாணவர் குறைதீர் குழு. அதில் ஒரு பெண்ணும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லது இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவரும் இருக்க வேண்டும். மாணவர் பிரதிநிதி ஒருவர் சிறப்பு அழைப்பாளர். 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 15 நாளில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு, அவர் 30 நாளில் முடிக்க வேண்டும்.

பாலியல் தொந்தரவு என்றால் இவை எதுவும் இல்லை, நேரே உள்புகார்க் குழு. நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். தலைவர் மூத்த பெண் பேராசிரியர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், மாணவர் தொடர்புள்ள புகார் என்றால் ஆய்வு மாணவர் ஒருவரும் தேர்தல் வழியாக இருப்பார். துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் யாரும் அதில் உட்கார முடியாது. "முதல்ல துறைத்தலைவர்கிட்ட சொல்லு, பேசி முடிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

"வைவா அன்னிக்கு எல்லாருக்கும் சாப்பாடு போட்டே ஆகணுமா?"

எந்த விதியிலும் இல்லை. வைவாவுக்கு விதிப்படி வேண்டியது நெறியாளர், வெளித் தேர்வாளர்களில் ஒருவராவது, கேட்க வருகிற துறையினர், மாணவர்கள். இணைய வழியிலும் நடத்தலாம். அதில் வாழை இலை வரவே இல்லை.

ஆனால் நம்மூரில் வீட்டுக்கு வந்தவருக்குக் காபியாவது கொடுக்காமல் அனுப்ப மாட்டோம். அந்தப் பழக்கத்தைச் சிலர் நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறார்கள். கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும் போட்டு அறுபது பேருக்கு விருந்து வைத்துவிட்டு, பைண்டிங் காசைத் தவணையில் கொடுத்த மாணவர்கள் இந்தக் கடையிலேயே உண்டு. டீயும் பிஸ்கட்டும் போதும். அன்பளிப்புப் பொட்டலம், தேர்வாளருக்கு ஓட்டல் பில் எல்லாம் வேண்டவே வேண்டாம். தேர்வாளரின் பயணப்படியைக் கொடுப்பது பல்கலைக்கழகம்.

"வைவா முடிஞ்சாச்சு. இன்னிக்கே பெயருக்கு முன்னால முனைவர் போட்டுக்கலாமா?"

போடாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். வைவா அறிக்கை தேர்வாணையரிடம் போகும், உரிய அதிகாரியின் ஒப்புதல் வரும், பிறகுதான் தற்காலிகச் சான்றிதழ். பட்டம் யுஜிசி விதிப்படி வழங்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்க வேண்டும், வேலைக்குப் போகும்போது முதலில் அந்த வரியைத்தான் தேடுவார்கள். ஆய்வேட்டின் மென்பிரதி, ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கிற சோத்கங்கா இணையதளத்துக்கும் போக வேண்டும். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ள அந்தத் தற்காலிகச் சான்றிதழ் வந்தால் போதும், பட்டமளிப்பு விழா வரை காத்திருக்க வேண்டியதில்லை.

போன ஆவணியில் ஒரு தம்பி வைவா முடிந்த அன்றே பக்கத்துக் கடையில் கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் கொடுத்தான், மாப்பிள்ளை பெயருக்கு முன் 'முனைவர்' போட்டு, ஆயிரம் பிரதி. மறுநாள் தேர்வாளரின் அறிக்கையில் இரண்டு சிறு திருத்தம் செய்து காட்டச் சொல்லியிருந்தது தெரிந்தது. முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் முன்னால்தான் சான்றிதழ் வந்தது. அதுவரைக்கும் அவனுடைய அப்பச்சி பத்திரிகைக் கட்டுகளைப் பிரிக்காமல் இரண்டாங்கட்டில் அடுக்கி வைத்திருந்தார்.